கணினி கேள்வி பதில்: தம்பிக்கு ஒரு கேமிங் கணினி

கேள்வி: என் தம்பி பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, மதுரையில் ஒரு கல்லூரியில் கணினி அறிவியல் சேர்ந்திருக்கிறான். படிப்புக்கும் உதவ வேண்டும், அவன் ஆசைப்படும் வேலரன்ட், ஜிடிஏ 5, மைன்கிராஃப்ட் விளையாட்டுகளும் ஓட வேண்டும் என்ற எண்ணத்தில் ஒரு கணினி வாங்கித் தர விரும்புகிறேன். மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் சேர்த்து 50,000 ரூபாய் வரை என்னால் முடியும். ஒரு கடையில் ‘ஐ5 பிராசசர், 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு’ உள்ள கேமிங் கணினியை 20,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார்கள். அதை வாங்கலாமா? அல்லது சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்ப் பாகங்களாக வாங்கினால் மலிவாக அமையுமா?
– வாசகி, திருமங்கலம்

பதில்: அந்த 20,000 ரூபாய்க் கணினியை வாங்க வேண்டாம். கடைக்காரர் ‘ஐ5’ என்று சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எத்தனையாவது தலைமுறை ஐ5 என்று கேட்டுப் பாருங்கள். இந்த விலைக்கு விற்கப்படும் ‘கேமிங்’ கணினிகளில் பெரும்பாலும் 2012-ஐ ஒட்டி வந்த மூன்றாம் தலைமுறைப் பிராசசரும், அந்தக் காலத்து மதர்போர்டும், 2014-இல் வெளிவந்த ஜிடி 730 கார்டும்தான் இருக்கும். 4 ஜிபி என்பது அந்தக் கார்டில் உள்ள நினைவகத்தின் அளவைத்தான் சொல்கிறது. அதன் வேகத்தைப் பற்றி எதையும் சொல்வதில்லை. இன்டெல் பிராசசர்களில் எட்டாம் தலைமுறை முதற்கொண்டே விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு உண்டு; விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது. வேலரன்டுடன் சேர்ந்து வரும் வேன்கார்டு என்ற கண்காணிப்பு மென்பொருள், விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பு, கணினி திறக்கும்போதே மென்பொருளைச் சரிபார்க்கும் செக்யூர் பூட் ஆகிய இரண்டும் இயங்கினால்தான் விளையாட்டைத் திறக்கவே விடும். அந்தக் காலத்து மதர்போர்டில் டிபிஎம் 2.0 இருக்காது. ஆகவே அந்தக் கணினியில் விண்டோஸ் 11-ஐப் போட்டால், உங்கள் தம்பி முதலாவதாகச் சொல்லியிருக்கும் விளையாட்டே தடைப்பட்டுவிடும்.

அவர் கேட்கும் மூன்று விளையாட்டுகளையும் வைத்துப் பார்க்கும்போது, இப்போதைக்குத் தனியாகக் கிராபிக்ஸ் கார்டு வாங்காமல், பிற்பாடு கார்டைச் சேர்த்துக்கொள்ளும்படியான நல்ல கணினி ஒன்றை அமைப்பதே உங்கள் பணத்துக்குச் சரியான வழி என்று கருதுகிறேன். இதற்கு ஏற்றது ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5600ஜி. 2021-இல் வந்த இந்தப் பிராசசரில் ஆறு கோர்களுடன் ரேடியான் வேகா கிராபிக்ஸும் உள்ளேயே அமைந்திருக்கிறது. 1080பி மானிட்டரில், காட்சித் தரத்தைக் குறைத்து வைத்தால், வேலரன்ட் நொடிக்கு நூறு பிரேமை ஒட்டி ஓடும். மைன்கிராஃப்டுக்குக் கவலையே இல்லை. ஜிடிஏ 5-உம் விளையாடத் தகுந்த வேகத்தில் இருக்கும். கல்லூரியில் நிரல் எழுதவும் இது தாராளமாகப் போதும். இதன் குறையையும் சொல்லிவிடுகிறேன். பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான கேஷ் நினைவகம் 16 எம்பிதான், கார்டை இணைக்கும் பிசிஐஇ பாதையிலும் 3.0 வரைதான் ஆதரவு. அதனால் பிற்பாடு கிராபிக்ஸ் கார்டு போடும்போது, 32 எம்பி கேஷ் உள்ள சாதாரண 5600-ஐவிடச் சற்றுப் பின்தங்கும். பெயரின் முடிவில் ‘எஃப்’ உள்ள இன்டெல் ஐ3-12100எஃப் போன்ற பிராசசர்களை விலை குறைவு என்று பரிந்துரைப்பார்கள். அவற்றில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லாததால், கார்டு வாங்கும்வரை திரையில் ஒன்றுமே தெரியாது.

உள்ளமைந்த கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, கணினியின் ரேமைத்தான் அது பகிர்ந்துகொள்கிறது என்பதால், ரேம் வாங்கும் விதத்தில்தான் இந்தக் கணினியின் விளையாட்டு வேகம் பெரிதும் அடங்கியிருக்கிறது. 16 ஜிபியை ஒரே குச்சியாக வாங்காமல், 8 ஜிபி குச்சிகள் இரண்டாக, டிடிஆர்4 3200 வகையில் வாங்குங்கள். ஒரு குச்சி இருந்தால் நினைவகத்திலிருந்து நொடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி தரவு வரும். இரண்டு இருந்தால் 51.2 ஜிபி வரும். ஒற்றைக் குச்சியுடன் விற்றுவிட்டு ‘மொத்தத்தில் 16 ஜிபிதானே’ என்று சொல்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். 2025-இன் பிற்பகுதியிலிருந்து ரேம் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியிருக்கிறது. ஆகவே போன மாதத்து விலைப்பட்டியலை நம்பாமல், வாங்கும் நாளிலேயே கொட்டேஷன் கேட்டு வாங்குவது அவசியம். பணம் இடித்தால், கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியை 1 டிபிக்குப் பதிலாக 500 ஜிபியாகக் குறைத்துக்கொள்ளலாம். ஜிடிஏ 5 ஒன்றே 70 ஜிபிக்கு மேல் பிடிக்கும் என்றாலும், எஸ்எஸ்டியைப் பிறகு கூட்டிக்கொள்வது எளிது.

மதர்போர்டு பி550எம் வகையாக, ரேமுக்கு நான்கு இடங்கள் உள்ளதாக இருக்கட்டும். விலை குறைந்த ஏ520எம் போர்டுகள் பலவற்றில் இரண்டே இடங்கள்தான் உண்டு. பிறகு 32 ஜிபி வேண்டும் என்றால் பழைய குச்சிகளைக் கழற்றி எறிய வேண்டிவரும்.

எதில் வேண்டுமானாலும் சிக்கனம் பார்க்கலாம், பாகங்களுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் பார்க்கக் கூடாது. கேபினட்டுடன் இலவசமாக வரும் பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் 450 வாட் என்று அச்சிட்டிருப்பார்கள். கையில் தூக்கிப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இல்லாததுபோல் லேசாக இருக்கும். சுமை ஏறும்போது அது தானும் கெட்டு மதர்போர்டையும் கெடுத்துவிடக்கூடும். அறியப்பட்ட நிறுவனத்தின் 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் தரச்சான்று பெற்ற எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாக வாங்குங்கள். அதில் கிராபிக்ஸ் கார்டுக்கான ‘6+2’ பின் இணைப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓராண்டு கழித்து உங்கள் தம்பி ஆர்எக்ஸ் 6600 போன்ற 132 வாட் கார்டு ஒன்றை வாங்கினாலும் இதே எஸ்எம்பிஎஸ் தாங்கும்.

கேபினட் விஷயத்தில் நம் ஊர் வெயிலை மறந்துவிடக் கூடாது. சித்திரையிலும் வைகாசியிலும் மதுரைப் பக்கம் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் இரவு வெகுநேரம் வரை கான்கிரீட்டின் சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். அறையின் வெப்பம் பத்து டிகிரி கூடினால் கணினியின் உள்ளேயும் கிட்டத்தட்ட அதே பத்து டிகிரி கூடும். 5600ஜி தாங்கக்கூடிய உச்ச வெப்பமோ 95 டிகிரி. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டு வண்ண விளக்கு எரியும் கேபினட் பையன்களின் கண்ணைப் பறிக்கும் என்பது தெரியும். இருந்தாலும், முன்பக்கம் வலையாக, கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டியுடன் இருப்பதையே எடுங்கள். மானிட்டர், 24 அங்குலம், 1080பி, ஐபிஎஸ் வகைத் திரை, 100 ஹெர்ட்ஸ் (நொடிக்கு நூறு முறை படம் மாறும் வேகம்) என்று இருந்தால் போதும்.

ரிச்சி தெருவில் பாகங்கள் ஏராளம், விலையும் பேசலாம். ஆனால் ஒரு ரேம் வேலை செய்யவில்லை என்றால் அதை மாற்ற மீண்டும் சென்னைக்குத்தான் போக வேண்டும்; போக்குவரத்துச் செலவே மிச்சப்பட்ட பணத்தை விழுங்கிவிடும். பிராசசர், மதர்போர்டு, ரேம், எஸ்எம்பிஎஸ் ஆகிய நான்கையும் மதுரையிலேயே ஒரே கடையில், ஒரே பில்லில் வாங்குங்கள். இந்த நான்கில் எது கெட்டாலும் கணினி ஒரே மாதிரிதான் உயிர் பெறாமல் கிடக்கும். நான்கு கடைகளில் வாங்கியிருந்தால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். மானிட்டரையும் எஸ்எஸ்டியையும் எங்கே மலிவோ அங்கே வாங்கலாம், ஆன்லைனும் சரியே. ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் எழுதப்பட்டிருக்க வேண்டும். பிராசசரைப் பெட்டியோடு கேளுங்கள். ‘ட்ரே’ என்று பெட்டியில்லாமல் சற்று விலை குறைத்துக் கொடுப்பதில் கூலரும் வராது, நிறுவனத்தின் நேரடி வாரண்டியும் பெரும்பாலும் இருக்காது.

பாகங்களைப் பூட்டும் வேலையை உங்கள் தம்பியிடமே விடுங்கள். கணினி அறிவியல் படிக்கப்போகும் பிள்ளைக்கு இதைவிட நல்ல முதல் பாடம் இல்லை. பிராசசரின் ஒரு மூலையில் சின்னத் தங்க நிற முக்கோணம் இருக்கும். சாக்கெட்டில் உள்ள முக்கோணத்தோடு அதைப் பொருத்தி வைத்தால், விரலால் அழுத்தாமலே தன் எடையில் கீழே இறங்கி உட்கார வேண்டும். உட்காரவில்லை என்றால் அழுத்தாமல் எடுத்துவிட்டு மீண்டும் வைக்கச் சொல்லுங்கள். இந்தப் பிராசசர் சேர்ந்த ஏஎம்4 வகையில் பின்கள் பிராசசரின் அடியிலேயே இருப்பதால், ஒன்று வளைந்தாலும் தொல்லை. ரேம் குச்சிகள் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்களில் ‘டக்’ என்று சத்தம் வரும்வரை இறங்க வேண்டும். மதர்போர்டின் மேல் மூலையில், பிராசசருக்கு மின்சாரம் தரும் எட்டுப் பின் இணைப்பைப் புதியவர்கள் பலர் மறந்துவிடுகிறார்கள். மின்விசிறி சுற்றும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும்.

கணினி திறந்ததும், அதன் அடிப்படை அமைப்புகள் உள்ள பயாஸுக்குள் போய், எக்ஸ்எம்பி என்றோ டிஓசிபி என்றோ உள்ளதை இயக்கினால்தான் ரேம் 3200 வேகத்தில் ஓடும். இல்லையேல் அதைவிடக் குறைந்த வேகத்திலேயே நின்றுவிடும். டிபிஎம், செக்யூர் பூட் இரண்டையும் அங்கேயே சரிபார்த்துவிட்டு விண்டோஸை நிறுவட்டும். விண்டோஸ் அமைப்புகளில் திரையின் வேகத்தை 60-இலிருந்து 100 ஹெர்ட்ஸுக்கு மாற்றவும் வேண்டும். அது தானாக மாறும் என்று எதிர்பார்க்க முடியாது.

கேள்வி: என் தங்கையின் கணினிக்குப் பழைய ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி கார்டு மலிவாக வருகிறது. வாங்கலாமா?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: அது 2017-இல் வந்த கார்டு. 185 வாட் இழுக்கும். ஈத்தரியம் என்ற மின்னணு நாணயத்தைத் தோண்டுவதற்காக இரவு பகலாக ஓடிய கார்டுகளில் இதுவும் முக்கியமான ஒன்று. 2022 செப்டம்பரில் அந்த முறையே நின்றுபோனதும், ஓடிக் களைத்த கார்டுகள் குவியலாகச் சந்தைக்கு வந்தன. இன்னொரு சிக்கலும் உண்டு. அசல் கார்டில், காட்சியைக் கணக்கிடும் ஷேடர்கள் என்ற சிறு அலகுகள் 2304 இருக்கும். அதே பெயரில் 2048 ஷேடர்கள் மட்டுமே உள்ள வேறொரு வகையும் புழங்குகிறது. அது உண்மையில் ஆர்எக்ஸ் 570-க்குச் சமமானது. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் இந்த எண்ணைப் பார்த்துவிடலாம்.

நேரில் போய், விற்பவரின் வீட்டிலேயே கார்டைக் கணினியில் போட்டு, அரை மணி நேரம் ஏதாவது ஒரு கனமான விளையாட்டை ஓட்டிப் பாருங்கள். திரையில் புள்ளிகளோ கோடுகளோ தெறித்தாலும், விசிறி உறுமினாலும் விட்டுவிடுங்கள். ஓட்டிக் காட்ட மறுப்பவரிடம் எந்த விலைக்கும் வாங்க வேண்டாம். என்னைக் கேட்டால், இன்னும் சில மாதங்கள் சேமித்து வாரண்டியோடு ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி வாங்கித் தருவது தங்கைக்கு நல்லது. சுமார் 70 வாட்டில் ஓடும் அந்தக் கார்டின் பெரும்பாலான மாடல்களுக்குத் தனி மின் இணைப்புகூடத் தேவையில்லை.

கேள்வி: அண்ணன் அமைத்துக் கொடுத்த புதிய கணினியின் கேபினட்டைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்கிறது. எஸ்எம்பிஎஸ் பழுதா? கரண்ட் பில் எவ்வளவு கூடும்?
– வாசகர், மேலூர்

பதில்: எஸ்எம்பிஎஸ் பழுது என்று உடனே முடிவு செய்ய வேண்டாம், பெரும்பாலும் உங்கள் வீட்டுப் பிளக்கில் எர்த் இணைப்பு இல்லாததே காரணமாக இருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின் இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர்கள், மிகச் சிறிய மின்னோட்டத்தை உலோகக் கூட்டுக்கு அனுப்பி, எர்த் வழியாக மண்ணுக்குள் விடும்படி அமைக்கப்பட்டவை. எர்த் இல்லாவிட்டால் அது போக வழியின்றிக் கூட்டிலேயே நிற்கும். 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி அங்கே இருக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்பதோடு நிற்கிறது. ஆனால் எஸ்எம்பிஎஸ் உள்ளே நிஜமாகவே பழுதானால், எர்த் இல்லாத அந்த வீட்டில் உயிருக்கே ஆபத்து. மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிட்டோ, இரண்டு பின் அடாப்டர் போட்டோ பயன்படுத்தினால் இன்றே நிறுத்துங்கள்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, கிராபிக்ஸ் கார்டுடன் 250 வாட் இழுக்கும் கணினியை நாளுக்கு மூன்று மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு 45 யூனிட் ஆகும். உங்கள் வீட்டு உபயோகம் ஏற்கெனவே 500 யூனிட்டை ஒட்டி இருந்தால் மட்டும் கவனம் தேவை, ஏனென்றால் அந்த அளவைத் தாண்டியதும் முந்தைய யூனிட்டுகளுக்கும் சேர்த்துக் கட்டண விகிதம் மாறுகிறது. உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை அழைத்து, எர்த் குழியில் தண்ணீர் ஊற்றி ஈரம் காக்கப்படுகிறதா, கம்பி துருப்பிடித்து அறுந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை செருப்பில்லாமல் ஈரத்தரையில் நின்றுகொண்டு கேபினட்டைத் தொட வேண்டாம்.