உடலின் கடிகாரம் வெறும் பழக்கமா?

கேள்வி: வெளிச்சம் வந்தால் விழிக்கிறோம், இருட்டினால் உறங்குகிறோம். இந்தப் பழக்கத்துக்கு ‘உயிர்க் கடிகாரம்’ என்று பெயர் சூட்டி, நோபல் பரிசும் கொடுப்பது சற்று அதிகப்படி இல்லையா?

பதில்: வெளிச்சம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 1729-லேயே பார்த்துவிட்டார்கள். பிரெஞ்சு வானியலாளர் தெ மேரான் தொட்டாற்சிணுங்கியை இருட்டில் வைத்தபோதும், அதன் இலைகள் பகலில் விரிவதும் இரவில் கூம்புவதும் நிற்கவில்லை. 1971-இல் அமெரிக்க மரபியலாளர்கள் கொனொப்காவும் பென்சரும், ஒரே மரபணு திரிந்ததால் ‘ஒரு நாள்’ ஏறத்தாழ 19 மணி நேரமாகச் சுருங்கிய பழ ஈக்களையும், 28 மணி நேரமாக நீண்ட ஈக்களையும், தாளமே அற்றுப்போன ஈக்களையும் கண்டார்கள். பழகிக்கொண்ட ஒன்று மரபணுப் பிழையால் ஐந்து மணி நேரம் குறையாது. அந்த மரபணு உண்டாக்கும் புரதம் இரவில் செல்லில் சேர்ந்து, உட்கருவுக்குள் புகுந்து தன் மரபணுவையே அடக்குகிறது என்பதையும், அது சிதைந்தபின் சுற்று மீண்டும் தொடங்குகிறது என்பதையும் விளக்கியதற்காகத்தான் ஹால், ராஸ்பாஷ், யங் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் மூவருக்கும் 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது.

மூளை உள்ள உயிர்களுக்கு மட்டுமே உரியது இது என்று சொல்லவும் வழியில்லை. நீலப்பச்சைப் பாசியின் மூன்று புரதங்களை ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறுடன் சோதனைக் குழாயில் கலந்து வைத்த ஜப்பானிய ஆய்வாளர்கள், அவற்றில் ஒன்றில் பாஸ்பேட் ஏறி இறங்கும் வேதிமாற்றம் சுமார் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை நிகழ்வதை 2005-இல் காட்டினார்கள். குழாய்க்குள் ஓர் உயிருள்ள செல்கூட இல்லை. பழக்கம் எதில் படிந்திருக்கும் என்று வாசகரே சொல்லட்டும்.

பயன் என்னவென்றால், முன்கூட்டியே ஆயத்தமாவது. விடிந்தபின் ஒளிச்சேர்க்கைக்குக் கருவிகளைத் திரட்டத் தொடங்கும் செல், அதற்குள் வெயிலின் ஒரு பங்கை இழந்திருக்கும். வெவ்வேறு சுற்றுக்காலம் கொண்ட பாசி வகைகளை இரண்டிரண்டாகக் கலந்து வளர்த்தபோது, விளக்கை ஏற்றி அணைக்கும் கால அளவோடு எதன் உள்தாளம் ஒத்துப்போனதோ அதுவே மற்றதை ஓரங்கட்டியது. வெளிச்சத்துக்கு எதிர்வினை காட்டினாலே போதும் என்றிருந்தால் இரண்டும் சமமாகப் பெருகியிருக்க வேண்டும்.

வாசகர் சொல்வதில் ஒரு பாதி சரி: கடிகாரத்தை ஓட்டுவது வெளிச்சமல்ல, ஆனால் திருத்தி வைப்பது அதுதான். மனிதரின் உள்தாளம் 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் நீளமானது. விழித்திரையிலிருந்து வரும் ஒளிச் செய்தியைக் கொண்டு, பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேலுள்ள சுமார் 20,000 நரம்புச் செல்கள் அதைத் தினமும் சரிசெய்கின்றன. கல்லீரலுக்கோ தனிக் கடிகாரம் உண்டு. அது சாப்பிடும் வேளையையும் பார்த்து நடக்கிறது. எல்லாம் வெளிச்சத்தின் வேலைதான் என்றால், பல நேர மண்டலங்களைத் தாண்டி இறங்கும் விமானப் பயணிக்கு அன்றைக்கே தூக்கம் சரியாகிவிட வேண்டும்; பல நாள் ஆகிறதே, ஏன்?