அழகுச் செடிகளில் பூச்சி வந்தால் பண நஷ்டம் உண்டா?

விளைச்சலே இல்லாத புதர்ச் செடிகளில் பூச்சி வந்தால் பணத்தில் என்ன நஷ்டம் என்று கேட்டிருக்கிறீர்கள். நஷ்டம் உண்டு, அதுவும் பெரிய நஷ்டம். பூச்சி தின்ற இலையைவிட, அதன்பின் நாம் செய்யும் செலவுதான் அதில் அதிகம்.

பயிருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. போகும் விளைச்சலின் மதிப்பு மருந்துச் செலவைத் தாண்டினால்தான் தெளிக்க வேண்டும். 'பொருளாதாரச் சேத நிலை' என்ற இந்தக் கணக்கை 1959-லேயே வகுத்துவிட்டார்கள். அழகுச் செடியில் எடை போட எதுவும் இல்லை. பார்ப்பவர் முகம் சுளித்தால் அதுவே சேதம். அதனால் நாலு இலை சுருண்டாலே மருந்தைத் தூக்கிவிடுகிறோம்.

நான் குடியிருந்த வளாகத்தில் பத்து வருடம் வளர்ந்த செம்பருத்தி வேலி ஒன்று இருந்தது. மாவுப்பூச்சி வந்து நுனிகள் முறுக்கிக்கொண்டன. பராமரிப்புக்கு வந்தவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்தடித்தார். பூச்சியின் மேல் இருக்கும் மெழுகுப் பூச்சு மருந்தை உள்ளே விடவில்லை. பூச்சியைத் தின்ன வந்த பொறிவண்டுகள்தான் செத்தன. தண்டில் சாரை சாரையாக ஏறிய எறும்பை யாருமே கவனிக்கவில்லை, நானும்தான். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும்.

கடைசியில் மூன்று செடிகள் பட்டுப்போயின. அதே உயரத்தில் செடி கிடைக்கவில்லை, சின்னக் கன்றுகளைத்தான் வைத்தோம். வேலியில் அந்த ஓட்டை வருடக்கணக்கில் தெரிந்தது. கன்றின் விலை ஒன்றுமே இல்லை. போன பத்து வருட வளர்ச்சியை என்ன விலைக்கு வாங்குவது?

ஒரு நாட்டுக்கே இந்த நிலை வந்திருக்கிறது. 1994-ல் கரீபியன் தீவான கிரெனடாவில் இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி நுழைந்து செம்பருத்தியை மொட்டையடித்தது. மரங்களுக்கும் பயிர்களுக்கும் பரவியதால் அண்டை நாடுகள் அங்கிருந்து விளைபொருள் வாங்கவே தயங்கின. மருந்து பெரிதாக உதவவில்லை. அனகைரஸ் கமாலி என்ற ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் பூச்சி அடங்கியது.

அதனால் புதுச் செடி வாங்கும்போது இலையின் அடிப்பக்கத்தையும் கணுக்களையும் திருப்பிப் பாருங்கள். முறுக்கிய நுனியை உடனே வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். எறும்பு ஏறாமல் தடுங்கள். அப்புறம், வேலி முழுக்க ஒரே இனமாக வைக்காதீர்கள். இரண்டு மூன்று இனம் கலந்திருந்தால் ஒரு பூச்சியால் மொத்த வேலியும் போகாது.