தாத்தா புல்லட்டுக்கு பெயிண்ட் அடிக்கலாமா?

தாத்தாவின் 1968 புல்லட் இருபது வருடமாக மாட்டுக் கொட்டகையில் கிடக்கிறது. முழுக்கப் பிரித்து ஷோரூம் வண்டி மாதிரி ஆக்கித் தருகிறேன் என்கிறார் மெக்கானிக். கொடுக்கலாமா?

அவசரப்படாதீர்கள். முதலில் ஒரு வாளித் தண்ணீர், கொஞ்சம் ஷாம்பு, பழைய பனியன் துணி, அவ்வளவுதான். அழுக்குப் போனதும் டேங்கை வெயிலில் வைத்துப் பாருங்கள். புல்லட் தயாரான திருவொற்றியூர் என்ஃபீல்டு தொழிற்சாலையில் டேங்கின் தங்க நிறக் கோடுகளைக் கையால்தான் இழுத்தார்கள், அதனால் வளைவில் லேசாகத் தடித்து, பிரஷ்ஷை எடுத்த இடத்தில் மெலிந்திருக்கும், ஸ்டிக்கரில் இது வரவே வராது. என் முதல் வண்டியில் பளபளப்பு வரட்டும் என்று மெஷினில் பஃப் போட்டுத் தேய்த்து அந்தக் கோடுகளை அழித்தது நானேதான், இன்னும் வயிறு எரிகிறது.

எடுத்த எடுப்பில் கிக்கரையும் மிதிக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு இரண்டு நாள் ஊறட்டும், இல்லாவிட்டால் துருப்பிடித்த பிஸ்டன் ரிங் சிலிண்டரின் உள்சுவரைக் கீறிவிடும். டயர், பிரேக் ஷூ, கேபிள், ஒயரிங் இதிலெல்லாம் பழசு மேல் பாசம் வேண்டாம், புதுசு போடுங்கள். கழற்றியதை ஒரு சாக்கில் கட்டி வையுங்கள்.

எங்கள் வண்டிக்கு ஏற்கெனவே மூன்று தடவை பெயிண்ட் அடித்தாகிவிட்டது, மட்கார்டு கையோடு உதிர்கிறது. அப்போதுமா?

அப்போது காப்பாற்ற என்ன இருக்கிறது? தாராளமாகப் பிரியுங்கள். ஆனால் உப்புத்தாள் போடும் முன் டூல் பாக்ஸ் மூடியின் உள்பக்கம், சீட்டுக்கு அடியில் பாருங்கள், கம்பெனி நிறம் அங்கேதான் ஒளிந்திருக்கும். சேஸிஸ் நம்பர் மேல் பட்டி பூசவோ இன்ஜின் நம்பரைத் தேய்க்கவோ விடாதீர்கள், பிறகு ஆர்டிஓ ஆபீசில் படி ஏறி இறங்க வேண்டியிருக்கும். நிறம் மாறினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும்.

'வின்டேஜ்' பதிவுக்கு எல்லாம் ஒரிஜினலாக இருக்க வேண்டுமா?

2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். ஆனால் தினமும் ஆபீசுக்கு ஓட்ட முடியாது. அதனால் ஆர்.சி. சரியாக இருந்து ஓட்டவும் ஆசை இருந்தால் இந்தப் பக்கம் போகாதீர்கள்.

பாட்டியின் சிங்கர் தையல் மெஷினைத் தின்னர் போட்டுத் துடைக்கலாமா?

ஐயோ, வேண்டாம்! தின்னரும் ஸ்பிரிட்டும் மேல்பூச்சைக் கரைத்து, தங்கப் பூவையும் சேர்த்தே வழித்துவிடும். தையல் மெஷின் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு மெதுவாகத் துடையுங்கள், பஞ்சு கறுப்பாவது நிற்கும் வரை. தேங்காயெண்ணெய் விடாதீர்கள், உள்ளே பிசினாகிச் சக்கரமே சுற்றாது. முன் ஓரத்தில் பூ தேய்ந்திருக்கிறதா? பாட்டி தைத்த துணியெல்லாம் உரசிப் போன இடம் அது. அதை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள்.