அலி: வாயும் கொள்கையும்

கேள்வி: மகன் தேசிய சேவையில் இருக்கிறான். “ராணுவத்துக்கு வரமாட்டேன் என்ற அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் முகமது அலியை ஏன் எல்லாரும் கொண்டாடுகிறார்கள்?” என்று கேட்கிறான். என்ன சொல்வது?
– வாசகி, ஈசூன்

பதில்: நியாயமான கேள்விதான். ஆனால் அலி ஓடி ஒளியவில்லை. 1967 ஏப்ரல் 28 அன்று ஹூஸ்டனில் ஆள்சேர்ப்பு நிலையத்துக்கு நேரிலேயே போனார். காசியஸ் கிளே என்ற பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, ஓரடி முன்னால் வரச் சொன்னார்கள். அசையவில்லை. வியட்நாம் போருக்குப் போக என் மதம் இடம்தராது என்றார். அன்றைக்கே உலகக் குத்துச்சண்டைப் பட்டத்தைப் பிடுங்கினார்கள். அப்புறம் 5 ஆண்டு சிறை, 10,000 டாலர் அபராதம் என்று தீர்ப்பு. ஜாமீனில் வெளியே இருந்தாலும் மூன்றரை ஆண்டு மேடையேற முடியவில்லை. இருபத்தைந்து வயதில் அது எவ்வளவு பெரிய நஷ்டம்! 1971இல்தான் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. என்ன விலை கொடுத்தார் என்பதை மகனிடம் சொல்லுங்கள். ஏற்பதும் மறுப்பதும் அவன் பாடு.

கேள்வி: அவருக்கு அரசியல் செல்வாக்கு நிஜமாகவே இருந்ததா?
– வாசகர், ஜூரோங்

பதில்: சொந்த வாயால் பேசியபோது இருந்தது. அரசாங்கத்துக்குத் தூது போனபோது பல்லிளித்தது. எம்.ஜி.ஆர். முதல்வராக இருந்தபோது சென்னைக்கு வந்து காட்சிப் போட்டி ஆடினாரே, அந்த 1980இல்தான் மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்க ஆதரவு திரட்டச் சொல்லி அதிபர் கார்ட்டர் அவரை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார். தான்சானியா அதிபர் நைரேரே பார்க்கவே மறுத்துவிட்டார். ‘நிறவெறியை எதிர்த்து 1976இல் நாங்கள் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தபோது அமெரிக்கா எங்கே போயிருந்தது?’ என்று அங்கே கேட்டார்கள். அலியிடம் பதில் இல்லை. அதே மனிதர் 1990இல், நடுக்குவாத நோயால் பேச்சுக் குழறிய நிலையில் பாக்தாத் போய், ஈராக் அதிபர் சதாமிடம் பேசி 15 அமெரிக்கப் பிணையாளிகளை மீட்டு வந்தார். அதற்கு வாஷிங்டன் அவரை அனுப்பவில்லை என்பதையும் கவனியுங்கள்.

கேள்வி: அவரிடம் உங்களுக்குப் பிடிக்காதது?
– வாசகர், தெம்பனிஸ்

பதில்: சக குத்துச்சண்டை வீரர் ஜோ பிரேசியரைப் பேசிய பேச்சு. 1975 ஜூலையில் கோலாலம்பூரில் ஜோ பக்னரோடு அலி மோதியதைப் பார்க்க என் பெரியப்பா தஞ்சோங் பகாரில் ரயிலேறிப் போனார். 15 சுற்றும் பார்த்துவிட்டு வந்து, “அடியைவிட வாய்தான்டா ஜாஸ்தி” என்றார். மூன்றே மாதத்தில் மணிலாவில் பிரேசியரோடு மோதியபோது அந்த வாய் எல்லை மீறியது. பிரேசியரைக் ‘கொரில்லா’ என்று ஊரறியக் கேலி செய்தார். தடைக்காலத்தில் அலிக்குப் பணம் கொடுத்து உதவியவர் அந்தப் பிரேசியர்! போட்டிக்கு விளம்பரம் சேர்க்கத்தான் சொன்னேன் என்று 2001இல் மன்னிப்புக் கேட்டார். இந்த விஷயத்தில் மட்டும் நான் பிரேசியர் கட்சி.