வார்டுக்கு ஒரு சைக்கிள் நிலையம் போதுமா?

கேள்வி: எங்கள் நகராட்சி 200 பொதுச் சைக்கிள்கள், 20 நிலையங்கள் கொண்டுவரப் போகிறது. வார்டுக்கு ஒன்று என்று பிரித்து வைக்கப் போகிறார்களாம். குடியிருப்போர் சங்கத்தின் கருத்தைக் கேட்டிருக்கிறார்கள். என்ன சொல்லலாம்?

பதில்: வார்டுக்கு ஒன்று என்பது ரேஷன் கடைக்குச் சரி. சைக்கிளுக்குச் சரிவராது.

அந்தக் கால வாடகை சைக்கிளை எடுத்த கடையிலேயே திருப்பி விட்டோம். இதில் எடுப்பது ஓரிடம், விடுவது வேறிடம். போய்ச் சேரும் இடத்துக்குப் பக்கத்திலும் நிலையம் இல்லாவிட்டால் யார் எடுப்பார்கள்? 2007-ல் பாரிஸ் நகரம் ‘வெலிப்’ என்ற பொதுச் சைக்கிள் திட்டத்தைத் தொடங்கியபோது சுமார் 300 மீட்டருக்கு ஒரு நிலையம் வைத்தார்கள். அந்தக் கணக்கில் ஒரு சதுர கிலோமீட்டருக்குப் பத்து நிலையமாவது வேண்டும். உங்கள் 20 நிலையம் 2 சதுர கிலோமீட்டருக்குத்தான் காணும். பஸ் ஸ்டாண்டு, கடைத்தெரு, கல்லூரி, ஆஸ்பத்திரி எல்லாம் அடங்கும் பகுதியாகப் பார்த்து மொத்தத்தையும் அங்கே இறக்கச் சொல்லுங்கள். மற்ற வார்டுக்காரர்கள் கோபிப்பார்கள்; அவர்கள் முறை எப்போது என்று இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.

அப்புறம், சைக்கிளைப் பூட்டி நிறுத்தும் இடங்கள் 400-ஆவது இருக்கட்டும். விட இடமில்லாமல் அலைந்தவர் மறுநாள் எடுக்க மாட்டார். காலையில் பஸ் ஸ்டாண்டு காலியாகும், கல்லூரி வாசல் நிரம்பி வழியும். வேனில் ஏற்றி மாற்றுவது யார் வேலை என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். பாரிஸின் மோன்மார்த்ர் மேட்டிலிருந்து இறங்க எல்லோரும் சைக்கிள் எடுத்தார்கள். மூச்சிரைக்க மிதித்து மேலே கொண்டுபோய் விடத்தான் ஆளில்லை. மேட்டு நிலையத்தில் விடுபவருக்கு 15 நிமிடம் கூடுதல் இலவசம் என்று கொடுத்துப் பார்த்தார்கள். கெட்டிக்காரத்தனமான யோசனைதான், ஆனாலும் வேன் இல்லாமல் முடியவில்லை.

தெரு விஷயம். பெரிய சாலையில் ஒரு பக்கத்துக்கு 2 மீட்டர் அகலத் தடம், தரையிலிருந்து சற்று உயர்த்தி வேண்டும். வெறும் பெயின்ட் கோடு சாயங்காலத்துக்குள் பைக் பார்க்கிங் ஆகிவிடும். கிளைத்தெரு சேருமிடத்தில் தடம் இறங்காமல் அதே உயரத்தில் போகட்டும். ஏறி இறங்க வேண்டியது கார்தான். சந்துகளுக்குத் தனித்தடம் வேண்டாம், வண்டிகளின் வேகத்தைக் குறைத்தாலே போதும்.

கூட்டத்துக்குப் போகுமுன் அந்த 2 சதுர கிலோமீட்டரை மதியம் இரண்டு மணிக்குச் சைக்கிளில் ஒருமுறை சுற்றி வாருங்கள். நிழல் எங்கெல்லாம் அறுந்துபோகிறதோ, அந்த இடங்களை வரைபடத்தில் குறித்து எடுத்துப் போங்கள்.