தம்பி தெளிந்துவிட்டான், எனக்குத்தான் பயமாக இருக்கிறது

கேள்வி:

ஆலோசகர் அவர்களுக்கு வணக்கம். நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இருக்கிறோம். தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு வந்த குடும்பம். அப்பா இல்லை. அம்மா, நான், கணவர், பையன், அப்புறம் என் தம்பி. அவனுக்கு வயது 34. செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் வேலை.

இளவயதிலேயே ஹெராயின் பழகிவிட்டான். பூசாட்டுக்கு (போதை மறுவாழ்வு மையத்துக்கு) போய் வந்தும் திரும்பத் தொட்டான். பிறகு அரசாங்கக் கிளினிக்கில் ஹெராயினுக்கு மாற்றாகத் தரும் மெத்தடோன் குடிக்க ஆரம்பித்து, சில வருடங்கள் நல்லபடியாக இருந்தான். சிக்கல் என்னவென்றால், லோரி விடியும் முன்பே கிளம்பிவிடும், கிளினிக் கவுண்டர் எட்டு மணிக்குத்தான் திறக்கும். முதலாளியிடம் தினமும் திட்டு. போதாததற்கு மாமா ஒரு கல்யாண வீட்டில் எல்லார் முன்னாலும், "அது அரசாங்கம் ஊத்திக் கொடுக்கிற போதை. ஆம்பளையா இருந்தா அதையும் விடு" என்று சொல்லிவிட்டார். போன மாதம் மெத்தடோனையும் நிறுத்திவிட்டான். வாந்தி, பேதி, உடம்பு வலி எல்லாம் பட்டு இப்போது தெளிந்துவிட்டான். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். கல்லுமலை முருகனுக்குப் பால்குடம் நேர்ந்திருக்கிறார்.

ஆனால் எனக்கு மனசு சரியில்லை. மளிகைக் கடைக் கடனை ஒரேயடியாக அடைத்துவிட்டான். கையில் போட்டிருந்த வெள்ளிக் காப்பைக் கழற்றி என் பையனுக்குப் போட்டுவிட்டான். அது சின்னக் கையில் நிற்காமல் முழங்கை வரை ஏறி இறங்குகிறது. ராத்திரியில் சம்சு (மலிவுச் சாராயம்) குடிக்கிறான். போன வாரம், "நான் ஒருத்தன் இல்லன்னா நீங்கள்லாம் நிம்மதியா இருப்பீங்கக்கா" என்றான். அதற்குள் அம்மா வந்துவிட்டார், பேச்சு நின்றுவிட்டது.

நாமாகக் கேட்டால் இல்லாத எண்ணத்தையும் கொடுத்துவிடுவோம் என்கிறார் என் கணவர். வெளியே சொன்னால் போலீஸ் கேஸ் ஆகுமோ என்றும் பயம். அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்றும் தெரியவில்லை.

ஓர் அக்கா, பேராக்

பதில்:

சகோதரிக்கு வணக்கம். இந்தப் பதிலைப் படித்ததும் தம்பியிடம் கேட்டுவிடுங்கள். நாளைக்கு என்று தள்ள வேண்டாம். கேட்பதால் எண்ணம் வந்துவிடும் என்ற பயம் உங்கள் கணவருக்கு மட்டுமல்ல, படித்தவர்களுக்கும் உண்டு. ஆய்வுகளில் அப்படித் தெரியவில்லை. கேட்டவுடன் பாரம் இறங்கியதுபோல் பேசுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். சுற்றி வளைக்காமல், "காப்பைக் கழற்றிக் கொடுத்தியே, கடனையும் அடைச்சியே, செத்துடலாம்னு தோணுதாடா?" என்றே கேளுங்கள். "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லல்ல?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். அவன் என்ன சொன்னாலும் அழுது புலம்பாமல், அம்மா மேல் சத்தியம் வாங்காமல், கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருங்கள்.

ஆமாம் என்றால், எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறானா என்றும் கேட்க வேண்டும். யோசித்திருந்தால் அவனைத் தனியே விடாதீர்கள். நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள், அல்லது அவசர உதவி எண் 999-ஐ அழையுங்கள். மனநலப் பிரிவு என்றதும் "தஞ்சோங் ரம்புத்தானா?" என்று அங்குள்ள மனநல மருத்துவமனையைச் சொல்லி யாராவது சிரிப்பார்கள். நம் ஊரில் அந்தக் கேலிக்குப் பயந்து வீட்டிலேயே வைத்துப் பார்த்த குடும்பங்கள் எத்தனையோ. சிரிக்கிறவர் சிரிக்கட்டும்.

போலீஸ் பயம் வேண்டாம். தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கிய மலேசியக் குற்றவியல் சட்டம் 309-ஆவது பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. போதைப் பழக்கத்துக்குத் தானாக முன்வந்து சிகிச்சை கேட்கவும் 1983-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வழி இருக்கிறது.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. தம்பி தெளிந்துவிட்டதாக எல்லாரும் நினைக்கிறீர்கள். எனக்கு இதுதான் ஆபத்தான காலமாகப் படுகிறது. ஹெராயினோ மெத்தடோனோ தினமும் ஏறிய உடம்புக்கு அதைத் தாங்கும் சக்தி இருக்கும். நிறுத்திய சில நாட்களிலேயே அந்தச் சக்தி இறங்கிவிடும். பழைய அளவை நினைத்து ஒருமுறை எடுத்தாலும் மூச்சு அடங்கிவிடலாம், சம்சுவும் சேர்ந்தால் இன்னும் மோசம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து வெளியே வந்தவர்களைக் கவனித்து 2007-இல் வெளியான ஆய்வில், முதல் 2 வாரங்களில் அவர்கள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 12 மடங்குக்கும் அதிகம். பெரும்பங்கு போதை மிகையால் வந்த சாவு. பூசாட்டிலிருந்து வருகிறவர்களின் உடம்பும் அதே உடம்புதான்.

தற்கொலையும் இதோடு பின்னிக் கிடக்கிறது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2004-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஹெராயின் போன்ற அபின் வகைப் போதைக்கு அடிமையானவர்கள் தற்கொலையால் இறப்பது மற்றவர்களைவிட ஏறக்குறைய 13 மடங்கு. "செத்தா சாகட்டும்" என்று அலட்சியமாக எடுத்துக்கொண்டு போனவனின் சாவு விபத்தா, வேண்டுமென்றே நடந்ததா என்று பல நேரம் யாராலும் சொல்ல முடிவதில்லை. போதை இருந்தவரை அமுங்கிக் கிடந்த வெட்கமும் இழப்பும் தெளிந்த பிறகுதான் முழுசாக முன்னால் வந்து நிற்கும். அந்த நேரம் பார்த்துத்தான் மாமாக்கள் கல்யாண வீட்டில் வாய் திறப்பார்கள்.

மெத்தடோன் போதை அல்ல, மருந்து. உலக சுகாதார நிறுவனம் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது 2005-இல், நம் நாட்டில் இந்தச் சிகிச்சை தொடங்கியதும் அதே ஆண்டு. அதைக் குடித்து வரும்வரை சாவு குறைகிறது, திடீரென்று விட்டால் கூடுகிறது. ஆகவே தம்பியைத் திரும்பக் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள், நீங்களும் கூடப் போங்கள். நிறுத்தி இத்தனை நாள் ஆயிற்று என்று மறைக்காமல் சொல்ல வேண்டும், குறைந்த அளவிலிருந்துதான் மறுபடி தொடங்குவார்கள். பழைய பாட்டிலில் மிச்சம் இருந்தால் அவனாக எடுத்துக் குடிக்கவே கூடாது. லோரி நேரத்தையும் அங்கேயே பேசுங்கள். நிலையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்குக் கொடுத்து அனுப்பும் ஏற்பாடு உண்டு. ஒத்துவராவிட்டால் புப்ரெனோர்ஃபின் என்ற மாற்று மருந்தைச் சில தனியார் டாக்டர்களும் தருகிறார்கள், செலவு மட்டும் நம்முடையது.

வீட்டில் மாத்திரைகளையும் களைக்கொல்லியையும் அவன் கைக்கு எட்டாமல் பூட்டிவையுங்கள், முடிந்தால் வீட்டைவிட்டே அகற்றுங்கள். எழுப்பினாலும் எழாமல் கொறட்டை கரகரவென்று கேட்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, தூங்குகிறான் என்று விடாதீர்கள். 999-ஐக் கூப்பிட்டு, ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூச்சைப் பார்த்துக்கொண்டே இருங்கள். நடு இரவில் பேச ஆள் வேண்டுமென்றால், மனப்பாரத்தைக் கேட்கும் தொண்டு அமைப்பான பிஃப்ரெண்டர்ஸ் எண் 03-7627 2929. சுகாதார அமைச்சின் மனநல உதவித் தொலைபேசியான ஹீல் எண் 15555. அவனுக்கு மட்டுமல்ல, நீங்களும் அழைக்கலாம்.

அம்மாவிடம் சொல்லத்தான் வேண்டும், ஆனால் தம்பியிடம் பேசிய பிறகு, அவனிடம் சொல்லிவிட்டு. காப்பு, கடன் எல்லாவற்றையும் விவரிக்க வேண்டியதில்லை. "தம்பிக்கு மனசு சரியில்லம்மா, மருந்தைத் திரும்ப எடுக்கணும், கொஞ்ச நாள் தனியா விட வேணாம்" என்றால் போதும். பால்குடம் அப்படியே இருக்கட்டும். மாமாவைச் சமாளிக்கும் வேலையை உங்கள் கணவரிடம் ஒப்படையுங்கள், இப்போது உங்களுக்கு அதற்கு நேரமில்லை.