மகளுக்குத் தொல்லியல் ஆசை, அப்பாவுக்கு வேலைக் கவலை

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப், நல்ல மார்க். பி.இ. சேர்க்கலாம் என்றிருந்தேன். தமிழ்நாட்டு இரும்பின் வயது பற்றிய அறிவிப்பு டி.வி.யில் வந்ததிலிருந்து கல்வெட்டு, தொல்லியல் என்றே பேசுகிறாள். “பொம்பளப் பிள்ளையைக் குழி தோண்டவா படிக்க வைக்கிறாய்?” என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். இந்தப் படிப்புக்கு வேலை உண்டா? எங்கே சேர்ப்பது?

பதில்: அன்புள்ள ஐயா,

உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது வேலைக் கவலைதான். அதை முதலில் பேசிவிடுவோம். தொல்லியலில் வேலை உண்டு, ஆனால் குறைவு. மாநிலத் தொல்லியல் துறை, இந்தியத் தொல்லியல் துறை, அருங்காட்சியகங்கள், கல்லூரி ஆசிரியர் பணி என்று வாசல்கள் சிலவே. தேர்வு அறிவிப்பு வருஷா வருஷம் வராது. இளநிலை, முதுநிலை, அப்புறம் பட்டயம் அல்லது கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வு என்று போனால், நிலையான சம்பளம் பார்க்க 26, 27 வயது ஆகிவிடும். நடுவில் அகழாய்வுத் திட்டங்களில் தற்காலிக வேலை கிடைக்கலாம். அதுவரை வீடு தாங்குமா என்று நீங்களும் உங்கள் மனைவியும் உட்கார்ந்து பேசுங்கள். தாங்கும் என்றால், தயவுசெய்து அவளைப் படிக்க விடுங்கள்.

ஒரே ஒரு நிபந்தனை வையுங்கள்: பழைய எழுத்துகளையும் மொழிகளையும் அவள் விடாமல் கற்க வேண்டும். தோண்டுவதற்கு ஆள் கிடைத்துவிடுகிறது, கிடைத்ததைப் படித்துச் சொல்லத்தான் ஆள் குறைவு. தமிழி (தமிழ் பிராமி என்றும் சொல்வார்கள்), வட்டெழுத்து, கிரந்தம் ஆகிய பழைய எழுத்து முறைகள் மூன்றையும் தடங்கலின்றிப் படிக்கத் தெரிந்த இளைஞர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. அந்தத் திறமை இருந்தால் கூட்டத்தில் அவள் தனியாகத் தெரிவாள்.

உங்கள் பக்கத்து அதியமானையே எடுத்துக்கொள்ளுங்கள். அவன் ஆண்ட தகடூர்தான் இன்றைய தருமபுரி. 1965 வரை அது உங்கள் சேலம் மாவட்டத்தோடுதான் இருந்தது. 1981இல் திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் ஒரு குகையில் ஒற்றை வரித் தமிழிக் கல்வெட்டு கிடைத்தது. “ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி.” அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த இருப்பிடம் என்கிறது அந்த வரி. வெறும் தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு முதல் சொல்லில் இடிக்கும், அது பிராகிருதம் என்ற பழைய வட மொழி. அசோகர் தன் பாறைக் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சேர்த்துச் சொல்லும் சத்தியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் வெகுகாலம் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஸதியபுதோ என்றால் சத்தியபுத்திரன். அதியமான் மரபினர்தான் அவர்கள் என்று ஜம்பை வரி பதில் சொன்னது. புறநானூறு, பிராகிருதம், அசோகர் கல்வெட்டு, தமிழி எழுத்து எல்லாம் கைவசம் இருந்தவர்களால்தான் அதன் அருமையைப் பார்க்க முடிந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

கல்வெட்டுப் படி எடுப்பதை அவள் ஒரு முறை நேரில் பார்க்கட்டும். கல்லைத் தேய்த்துக் கழுவி, ஈரக் காகிதத்தை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் காகிதத்தை இறக்குவார்கள். அது முக்கால்வாசி காய்ந்ததும் மை தொட்ட துணிப்பந்தால் ஒற்றினால் மேடு கறுப்பாகும், எழுத்து வெள்ளையாக நிற்கும். மை ஒரு சொட்டு கூடினாலும் எழுத்து மூடிப்போகும். அவசரப்படுகிறவருக்கு இந்த வேலை சரிப்படாது. அவளுக்குப் பிடிக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

இரும்பு பற்றியும் ஒரு வார்த்தை. 2025 ஜனவரியில் வந்த அறிவிப்பில் தூத்துக்குடி மாவட்டச் சிவகளையின் ஒரு மாதிரிக்குப் பொ.ஆ.மு. (அதாவது கி.மு.) 3345 என்று காலம் சொன்னார்கள். கிருஷ்ணகிரி மாவட்ட மயிலாடும்பாறைக்குப் பொ.ஆ.மு. 2172. மேட்டூர் அணைப் பகுதியின் மாங்காடும் தெலுங்கனூரும் கூட இந்தப் பட்டியலில் பேசப்படும் ஊர்கள்தான், அதாவது உங்கள் மாவட்டம். சந்தோஷப்பட வேண்டிய செய்தி. ஆனால் உங்கள் மகளிடம் கேளுங்கள்: காலம் கணிக்க அளந்தது இரும்பையா, பக்கத்தில் கிடந்த கரியையா? பல இடங்களில் கரியைத்தான் அளக்கிறார்கள். டப்பாவை உரைத்துப் பார்த்து உள்ளே இருக்கும் கொலுசின் டச், அதாவது வெள்ளியின் தரம், சொல்ல முடியுமா? கரியும் இரும்பும் கலையாத ஒரே மண்ணடுக்கில், ஒரே காலத்தில் விழுந்தவை என்று காட்டினால்தான் அந்தத் தேதி இரும்புக்குப் பொருந்தும். அகழாய்வுக் குழியில் ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியாகச் சுரண்டி, அளந்து, வரைந்து வைப்பது இதற்காகத்தான். பெருமையோடு இந்தக் கேள்வியும் அவளுக்கு வருகிறது என்றால் அவள் சரியான படிப்பைத்தான் தேர்ந்திருக்கிறாள்.

எங்கே சேர்ப்பது? இளநிலைக்கு வெளியூர் அனுப்பிச் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. சேலம் அரசு கலைக் கல்லூரியில் வரலாறு படித்தால் போதும். மிச்சமாகும் பணத்தை முதுநிலைக்கு வையுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பண்டைய வரலாறு, தொல்லியல் துறை இருக்கிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல், தொல்லியல் துறை. மொழி ஆர்வம் உள்ளவளுக்கு நான் முதலில் சொல்வது தஞ்சைதான். அறிவியல் முறையில் அகழாய்வு கற்க புனே டெக்கான் கல்லூரி. முதுநிலைக்கு அப்புறம் மாநிலத் தொல்லியல் துறையின் 2 ஆண்டுப் பட்டயம், இந்தியத் தொல்லியல் துறையின் கிரேட்டர் நொய்டா பட்டயம் இரண்டும் உண்டு. 2020இல் நொய்டா அறிவிப்பில் தகுதிக்கான செம்மொழிகளில் தமிழை விட்டுவிட்டார்கள். இங்கே கண்டனம் கிளம்பியதும் சேர்த்தார்கள். அதனால் ஒவ்வொரு அறிவிப்பையும் தகுதிப் பகுதி வரை வரி விடாமல் படிக்கப் பழக்குங்கள்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தது வீண் போகாது. அகழாய்வு இடங்களை வரைபடத்தில் ஏற்றுவது, சிதைந்த கல்வெட்டை முப்பரிமாணப் படமாக்குவது எல்லாம் இப்போது கணினியில்தான். இந்தியத் தொல்பழங்கால ஆய்வைத் தொடங்கி வைத்த ராபர்ட் புரூஸ் ஃபூட்டே தொழிலால் நிலவியலாளர்தான். 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டுபிடித்தவர், கடைசிக் காலத்தில் ஏற்காட்டில் குடியிருந்தார். அவர் நினைவிடம் அங்கே ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது. சேர்வராயன் மலைக் கோவில்களில் வழவழப்பான புதிய கற்காலக் கோடரிகளைச் சாமியாக வைத்துக் கும்பிட்டதையும் அந்தக் காலத்து ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போய்வாருங்கள். சேலம் அரசு அருங்காட்சியகத்தையும் விட்டுவிடாதீர்கள்.

சொந்தக்காரர்களுக்கு என்ன சொல்வது? மண் தோண்டுவதற்குப் பெரும்பாலும் உள்ளூர்த் தொழிலாளர்கள் இருப்பார்கள், அவர்களிலும் பெண்கள் நிறையப் பேர். மாணவர்கள் அளந்து, வரைந்து, பதிவு செய்கிறார்கள். வெயில் உண்டு, அது உண்மை. முகாமில் தங்குமிடம், கழிப்பறை, கூட வரும் ஆசிரியர்கள் பற்றித் துறையில் நேரடியாகக் கேளுங்கள், தயங்க வேண்டாம். இப்போதைக்கு வரலாற்றுக்கு விண்ணப்பம் போடுங்கள். கூடவே வரும் வருஷத்துக்குள் தமிழி எழுத்துகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். ஒருவேளை இரண்டாம் ஆண்டில் ஆர்வம் குறைந்தால், பி.எட். முடித்து வரலாற்று ஆசிரியையாகும் வழி திறந்தே இருக்கிறது.